'கிளிக்... கிளிக்...' சத்தம் வந்தா உஷார்! ஹார்டு டிஸ்க் போனா கல்யாண போட்டோவும் காலி

சென்னை:

கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்த நாள் வீடியோ, இறந்துபோன தாத்தாவின் குரல், ஸ்கேன் பண்ணி வைத்த வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட்... இன்றைக்கு பல வீடுகளில் இது அத்தனையும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கிறது. அது படுத்துவிட்டால்? எல்லாமே அம்போ!

டிஸ்க் போனால் ரிச்சி தெருவுக்குப் போய் புதுசு வாங்கிக்கலாம். உள்ளே இருந்த போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

பெரிய பானை... பெரிய நஷ்டம்!

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க் சுமார் ஒரு டன் எடை. உள்ளே 50 தட்டுகள். அவ்வளவு பெரிய எந்திரத்தில் அடங்கியது சுமார் 5 எம்.பி.தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அந்த அளவுக்கு வந்துவிடும். 2007-ல் ஹிட்டாச்சி நிறுவனம் 1 டி.பி. டிஸ்க்கை விற்பனைக்கு விட்டது. இப்போது 20 டி.பி.க்கு மேலேயே கிடைக்கிறது. பானை பெரிசானால், உடையும்போது கொட்டுவதும் பெரிசுதானே?

உள்ளே என்ன நடக்குது?

ஹார்டு டிஸ்க்குக்குள் வழவழப்பான தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. தகட்டைத் தொடாமல் மேலே மிதந்தபடி 'ஹெட்' என்கிற முனை எழுதுகிறது, படிக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி, தலைமுடி தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு! ஓடும்போது கீழே விழுந்தால் ஹெட் போய் தகட்டில் உரசும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் 2023-ல் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஓட்டிப் பார்த்தது. அந்த ஒரு வருடத்தில் பழுதானது 100-க்கு சுமார் 1.4. 'கம்மிதானே' என்று நினைக்க வேண்டாம். அந்த ஒன்று யார் வீட்டு டிஸ்க் என்பது யாருக்கும் தெரியாது. டிஸ்க் பழசாகப் பழசாக ஆபத்தும் கூடும்.

இடம் மாத்தினா பேக்கப் இல்லை

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புதுசா ஒரு 4 டி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குவார்கள். எல்லாவற்றையும் அதில் போடுவார்கள். கம்ப்யூட்டரில் இடம் வேணும் என்று பழசை அழித்துவிடுவார்கள். 'பேக்கப் எடுத்தாச்சு' என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அது பேக்கப்பே இல்லை. முன்பும் ஒரு காப்பி, இப்போதும் ஒரு காப்பி. இடம்தான் மாறியிருக்கிறது!

இதற்கு '3-2-1' என்று ஒரு கணக்கு உண்டு. இதைப் பிரபலப்படுத்தியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர். 3 காப்பி இருக்கணும். 2 வகை சாதனத்தில் இருக்கணும். 1 காப்பி வேறு இடத்தில் இருக்கணும்.

வேறு இடம் எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாம் புயல் மழையையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே முழுகும். ஒரு டிஸ்க்கை அக்கா வீட்டிலோ, ஊரில் அப்பா வீட்டிலோ கொடுத்து வைப்பது நல்லது.

ஆன்லைனில் போடுவதும் ஒரு வழி. கூகுளில் 15 ஜி.பி. வரை இலவசம். மொத்தமும் அதில் அடங்காது. பத்திரம், சர்டிபிகேட், முக்கிய போட்டோ மட்டும் அதில் போதும்.

செருகியே வைக்காதீங்க

2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டி பணம் கேட்டது. இந்த மாதிரி வைரஸ் வந்தால், செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

* காப்பி ஓடும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடும். யு.பி.எஸ். அவசியம்.
* 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கக் கூடாது.
* டிஸ்க்கை முழுசா நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடணும்.
* 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' இலவச சாஃப்ட்வேர், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள், சிவப்பு என்றால் உடனே காப்பி எடுக்கணும்.
* 4 ஜி.பி.க்கு மேற்பட்ட வீடியோ காப்பி ஆகவில்லையா? டிஸ்க் 'ஃபேட் 32' ஃபார்மேட்டில் இருக்கலாம். 'எக்ஸ்-ஃபேட்'டுக்கு மாத்தணும். ஆனால் மாற்றினால் உள்ளே இருப்பது அழியும். முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி!
* 1 டி.பி. டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கணக்கு போடும் முறைதான் வேறு.

ஃப்ரீசர் வைத்தியம் வேண்டாம்

'கிளிக்' சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யணும். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் சேதம் கூடும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நம்ப வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். திறந்து பார்ப்பதும் தப்பு. ஒரு தூசி போதும், தகடு பாழ். தகவலை மீட்டுக் கொடுக்க ஆட்கள் உண்டு. ஆனால் செலவு புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு போகும். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த டிஸ்க்கைச் செருகி நாலு போட்டோ, ஒரு வீடியோ திறந்து பார்க்கணும். திறந்தால்தான் அது பேக்கப். திறக்காவிட்டால் அது வெறும் டப்பா!