பல் கடித்து ஏறும் ரயில்

அரூரிலிருந்து சித்தேரிக்கு வரும் பஸ், கியரைக் குறைத்து உறுமிக்கொண்டே மலையேறிவிடுகிறது. ரயிலும் இப்படி ஏறுமா என்றால், சாதாரண ரயிலுக்கு அது ஆகாத காரியம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

ரப்பர் டயர் தார் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் நடுவே உராய்வு குறைவு. சமவெளியில் அது லாபம். ஒரே இன்ஜின் நீளமான வண்டியை இழுத்துவிடும். மலையில் அதுவே ஆபத்து. நீலகிரி மலை ரயில் பாதையில், கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர வேண்டும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் வெறும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதனால் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறையைக் கையாண்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள். இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கடித்தபடி ஏறும். ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே மறு பட்டையில் பள்ளம் இருக்கும். ஒரு பல் விலகும்போது இன்னொன்று பிடித்திருப்பதால் பிடி நழுவுவதே இல்லை.

இந்தப் பல் பாதையில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாது. இதற்கும் மேலாகப் பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நிற்கிறார். ஏறுகையில் முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். பின்னாலிருக்கும் டிரைவருக்கு அவர்தான் கண்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 326 மீட்டரில் கிளம்பி 2,200 மீட்டரைத் தொடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நீராவி இன்ஜின்களைப் போலவே திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறது. அந்தக் கைத்திறன் நம்மிடம் இன்னும் உயிரோடு இருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் போய் வருகிறவர்கள் பல்சக்கரம் கடித்து ஏறுவதைப் பார்க்க முடியாது. பல் பாதை குன்னூரோடு முடிந்துவிடுவதால், அங்கே டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள். போனால் மேட்டுப்பாளையத்திலேயே ஏறுங்கள். பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம். அந்த நிதானம்தான் பயணிகளுக்குக் காவல். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது, பள்ளத்தாக்கைப் படம் எடுத்த கையோடு தண்டவாளத்தின் நடுவேயும் ஒரு பார்வை பாருங்கள்.