முப்பதாண்டுக் கணக்கு

ஒரு தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் 32 வயதில் ஒருவரை உதவிப் பேராசிரியராக எடுத்தால், அவர் ஓய்வு பெற 33 ஆண்டுகள் ஆகும். ஐ.ஐ.டி.களில் ஆசிரியர் ஓய்வு வயது 65. இயக்குநரின் பதவிக்காலமோ ஐந்தே ஆண்டு. ஒரு முனைவர் பட்டத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கும். எழுப்பும் கட்டடம் அரை நூற்றாண்டு நிற்கும். ஐந்தாண்டு நாற்காலியில் இருப்பவர் முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கான முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. நீண்டகால வியூகத் திட்டமிடல் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் சங்கடம் இதுதான். இதைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

அந்நாள் மேற்கு ஜெர்மனி 1956-இல் இந்தியாவில் ஒரு பொறியியல் உயர்கல்வி நிறுவனம் அமைக்க உதவ முன்வந்தது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு நிறுவனம் தொடங்கியது. கருவிகளும் பேராசிரியர்களும் அங்கிருந்து வந்தார்கள்; இங்கிருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள். கிண்டிக் காட்டை ஒட்டி 617 ஏக்கர் நிலம் கிடைத்தது. நகரம் பிற்பாடு எப்படிப் பெருத்தது என்பதை நினைத்தால், நிறுவனத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய முதலீடு அந்த நிலம்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் புள்ளிமானும் வெளிமானும் திரியும் அந்த நிலத்தில் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. ஆறுகளின் பெயர் தாங்கிய விடுதிகளில் புதியவை பல மாடிகளாக உயர்ந்ததற்குக் காரணம், பக்கவாட்டில் விரிய வழியில்லாததே.

முதல் சில பத்தாண்டுகளில் வெளியுலகுக்கு ஐ.ஐ.டி. என்றால் பி.டெக்.தான். கடினமான நுழைவுத் தேர்வு, நல்ல படிப்பு, பிறகு வெளிநாடு. ஆராய்ச்சி நடக்காமல் இல்லை; ஆனால் அது கட்டுரையாக அச்சேறுவதோடு நின்றுவிடும், தொழிற்சாலை வாசலை எட்டாது. இந்த இடைவெளியை உணர்ந்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 1990-களில் அவரும் சக ஆசிரியர்களும் சேர்ந்த டெனெட் குழு, பழைய மாணவர்களின் நிறுவனங்களோடு கைகோத்து, கம்பியில்லாமல் தொலைபேசி இணைப்பு தரும் கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஆசிரியரும் மாணவரும் தொழில்காரரும் நடந்துபோய்ச் சந்திக்கும் தூரத்தில் இருந்தால் வேலை நடக்கும் என்பது அந்த அனுபவம் தந்த பாடம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1951-லேயே தன் நிலத்தில் தொழிற்பூங்கா தொடங்கிக் காட்டியிருந்தது.

தரமணிப் பக்கம் மாநில அரசு தந்த சுமார் 11 ஏக்கரில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவின் முதல் கட்டடம் 2010-இல் திறக்கப்பட்டது. பின்னர் அது மொத்தம் 12 லட்சம் சதுர அடியாக வளர்ந்தது. கட்டடத்தைவிடக் கவனிக்க வேண்டியது அங்குள்ள ஒரு விதி. இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து வேலை செய்து ‘கிரெடிட்’ புள்ளிகளும் சேர்க்க வேண்டும். பேராசிரியரிடம் ஆலோசனை கேட்டாலும், கூட்டாய்வு நடத்தினாலும், மாணவரைப் பகுதிநேர வேலைக்கு எடுத்தாலும், தன் ஊழியரை அங்கே ஆய்வுப் படிப்பில் சேர்த்தாலும் புள்ளி உண்டு. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய இன்னொரு ஐ.டி. கட்டடமாக அது போயிருக்கும். திட்டத்தின் நோக்கத்தை வாடகை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவைத்தது கெட்டிக்காரத்தனம்.

எல்லாம் வரைந்தபடி நடப்பதில்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத இட ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2008-இல் ஏற்றது. மற்றவர்களுக்கு இருந்த இடம் குறையக்கூடாது என்பதால் மொத்த இடங்களை 54 சதவீதம் கூட்ட வேண்டியதாயிற்று. சமூக நீதியில் அது என்றைக்கோ வந்திருக்க வேண்டிய மாற்றம். ஆனால் விடுதி அறை, வகுப்பறை, ஆய்வக மேசை, ஆசிரியர் என எல்லாவற்றையும் சில ஆண்டுகளுக்குள் பெருக்க வேண்டியிருந்தது. கட்டடத்தைக் கட்டிவிடலாம், நல்ல ஆசிரியரை அவசரத்துக்கு எடுக்க முடியாது. தவறான ஆளை எடுத்தால் முப்பது ஆண்டு சுமக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் அந்தத் துறையே வளராது. எந்த வியூக ஆவணத்திலும் உண்மையில் கனமான பகுதி ஆசிரியர் தேர்வுதான்.

சென்னை ஐ.ஐ.டி. தன் திட்டங்களைக் காலவரையறையோடு எழுத்தில் வைக்கிறது; 2021 முதல் 2027 வரைக்குமான வியூகத் திட்டம் அப்படி ஒன்று. துறைகள், செனட், ஆளுநர் குழு எனப் பல மட்டங்களில் பேசித்தான் இத்தகைய ஆவணம் உருவாக வேண்டும். மேலிருந்து இறக்கிய திட்டத்தைப் பேராசிரியர்கள் மரியாதையாகப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அண்மை ஆண்டுகளில் எடுத்த இரண்டு முடிவுகள் துணிச்சலானவை. 2020-இல் ஜே.இ.இ. தேர்வு இல்லாமலே சேரக்கூடிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் படிக்கிறார்கள். 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. வெளிநாட்டில் அமைந்த முதல் ஐ.ஐ.டி. வளாகம் அது. முதலாவது வேர் பிடித்துவிட்டது. இரண்டாவது அகலக்கால் வைத்ததா என்று சொல்லப் பத்தாண்டாவது ஆகும்.

பழைய முடிவுகளின் பலன் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எரிதல் பற்றிய ஆராய்ச்சிக்கென்று இங்கே ஒரு தேசிய மையம் உண்டு. அந்தத் துறைப் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தியின் துணையோடு 2017-இல் தொடங்கி இங்கேயே அடைகாக்கப்பட்ட அக்னிகுல் காஸ்மாஸ் என்ற நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு ஒரு சோதனை ராக்கெட் செய்தது. சில முறை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, 2024 மே 30 அன்று அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. ஆராய்ச்சிப் பூங்காவைத் திறந்தபோது இயக்குநராக இருந்தவர் பொறுப்பை விட்டு அப்போது ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.