மண் பாதையில் வண்டி சிக்கினால் என்ன செய்வது? ஆற்றங்கரை, மலையடிவாரம் போகும் டிரைவர்கள் உஷார்!

கனகம்மாசத்திரம்:-

சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில் திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே உள்ளது கனகம்மாசத்திரம். இந்த ரோட்டில் போகும் வரை வண்டிக்கு கவலை இல்லை. பஞ்சர் கடை, மெக்கானிக், பெட்ரோல் பங்க் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் உண்டு.

ஆனால் தார் ரோட்டை விட்டு இறங்கினால் கதையே வேறு. கரும்பு வயலுக்கு லோடு ஏற்றப் போகும் மினி லாரி, மாந்தோப்புக்கு போகும் லோடு ஆட்டோ, விடுமுறையில் ஆந்திர எல்லையில் உள்ள அருவிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் என்று பல வண்டிகள் தினமும் மண் பாதையில் இறங்குகின்றன. அங்கே வண்டி சிக்கினால் உதவிக்கு ஆள் வர பல மணி நேரம் ஆகும்.

மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டிய வண்டி அது. அதைவிட முக்கியம், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உயிர். எனவே இப்படிப்பட்ட பாதைக்கு போகும் முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், எங்கே வண்டியை திருப்ப வேண்டும் என்று தெரிந்து கொள்வது அவசியம்.

கிளம்பும் முன் 10 நிமிடம்

முதலில் பார்க்க வேண்டியது டயர். நான்கு டயரையும் பார்ப்பவர்கள் ஸ்டெப்னியை மறந்து விடுகிறார்கள். அதில் காற்று இல்லை என்பது காட்டுக்குள் போன பிறகுதான் தெரியவரும். நம்ம பக்கம் சீமைக்கருவேல முள் அதிகம். ஒரே நாளில் 2 டயர் பஞ்சர் ஆவதும் உண்டு. டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்று வைத்துக் கொள்வது நல்லது.

ரேடியேட்டர் தண்ணீர், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி முனை, பெல்ட் இவற்றையும் பார்க்க வேண்டும். மண் பாதையில் முதல், 2-வது கியரிலேயே ஓட்ட வேண்டியிருப்பதால் டீசல் வழக்கத்தை விட அதிகம் குடிக்கும். டேங்கை நிரப்பிக் கொண்டு போவதே பாதுகாப்பு. பெட்ரோலை தண்ணீர் பாட்டிலில் பிடித்து வண்டிக்குள் வைப்பது உயிரோடு விளையாடுவது.

எந்த வழியாக போகிறோம், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று வீட்டிலோ, ஸ்டாண்டில் இருக்கும் நண்பரிடமோ சொல்லி விட்டு போக வேண்டும். ஆள் வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று அவர்களுக்கு தெரிந்திருக்கும்.

வண்டியில் இருக்க வேண்டியவை

* நல்ல ஜாக்கி, வீல் ஸ்பேனர். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டியான பலகை. பலகை இல்லாவிட்டால் மணலில் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும்.

* மண்வெட்டி, அரிவாள், 4 பழைய கோணிப்பை.

* வண்டியின் எடையை தாங்கும் இழுவை கயிறு.

* பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப், காற்று அளக்கும் மீட்டர்.

* டார்ச் லைட், தீப்பெட்டி, பியூஸ், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி.

* ஆளுக்கு குறைந்தது 4, 5 லிட்டர் குடிதண்ணீர். ரேடியேட்டருக்கு தனி கேன். வேர்க்கடலை, வெல்லம், பிஸ்கட் போன்ற கெடாத தின்பண்டம்.

* முதலுதவி பெட்டி. செல்போன் சார்ஜர். முக்கிய நம்பர்கள் எழுதிய ஒரு பேப்பர். செல்போன் ஆப் ஆகி விட்டால் எந்த நம்பரும் நினைவுக்கு வராது.

வண்டிக்கு முன்னால் இரும்பு கம்பி மாட்டினால் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த ‘புல் பார்’ மாட்ட 2017-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்து விட்டது. இது மோதலில் எதிரே இருப்பவரை அதிகம் காயப்படுத்தும். ஏர் பேக் சரியாக விரிவதையும் கெடுத்து விடும்.

மணலில் புதைந்தால்...

வண்டி மணலில் இறங்கியதும் பலர் செய்யும் தவறு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பதுதான். மிதிக்க மிதிக்க சக்கரம் குழி பறிக்கும். கடைசியில் வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்து விடும்.

சக்கரம் சுற்றினாலும் வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுத்து விட வேண்டும். எல்லோரையும் இறக்கி, முடிந்தால் லோடையும் குறைக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணை வாரி விட்டு, கோணிப்பையையோ பலகையையோ டயருக்கு அடியில் செருக வேண்டும்.

லோடு இல்லாத கார், ஜீப் என்றால் டயர் காற்றை குறைப்பது பெரிய உதவி. 35 பாயிண்ட் காற்று இருந்தால் 20 பாயிண்ட் வரை இறக்கலாம். டயர் அகலமாக படிந்து மணலை பிடித்துக் கொள்ளும். பிறகு 2-வது கியரில் மெதுவாக கிளட்ச் விட்டால் வண்டி ஏறி விடும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுப்பது இன்னும் சுலபம். ஆனால் தார் ரோடு ஏறியதும் காற்றை திரும்ப நிரப்ப வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

டிராக்டர் வைத்து இழுக்கும்போது கயிற்றை பம்பரில் கட்டக் கூடாது. அதற்கென உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும் நேரத்தில் அருகில் யாரும் நிற்கவே கூடாது. அறுந்த கயிறோ, சங்கிலியோ ஆளை அடித்தே கொன்று விடும். கயிற்றின் நடுவில் நனைந்த கோணிப்பையை போட்டு வைத்தால் அறுந்தாலும் வேகம் குறையும்.

மலைப்பாதை இறக்கத்தில் நியூட்ரல் போடுவது தற்கொலைக்கு சமம். முதல் கியரில் போட்டு என்ஜின் பிடியிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகி பிடிக்காமல் போய் விடும். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. சூடான சைலன்சர் பட்டு புல் தீப்பிடிக்கும்.

மழை அங்கே, வெள்ளம் இங்கே

இந்த பகுதியில் எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து தண்ணீர்தான். பள்ளிப்பட்டு பகுதியில் லவா, குசா ஆறுகள் சேர்ந்து கொசஸ்தலை ஆறாக ஓடி வருகிறது. ஆந்திராவில் மழை பெய்து கிருஷ்ணாபுரம் அணையை திறந்தால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலேயே வெள்ளம் வரும். 2021 நவம்பரில் இப்படி வந்த வெள்ளத்தில் பள்ளிப்பட்டு சுற்று வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கி கிராமங்கள் துண்டிக்கப்பட்டன.

‘முன்னாடி ஒரு வண்டி போச்சு, நாமளும் போயிடலாம்’ என்ற நினைப்புதான் எமன். 1 அடி உயரம் ஓடும் தண்ணீர் சிறிய காரை நகர்த்தி விடும். 2 அடி இருந்தால் ஜீப்பையும் இழுத்துச் செல்லும். தரைப்பாலத்தின் பாதி உடைந்து போயிருந்தாலும் மேலே ஓடும் தண்ணீரில் தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்களும் அப்படித்தான்.

ஆற்று வெள்ளம்தான் என்று இல்லை, தேங்கிய தண்ணீரும் ஆளை விழுங்கும். புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் 2021 செப்டம்பரில் ரெயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைநீரில் கார் சிக்கி பெண் டாக்டர் ஒருவர் பரிதாபமாக இறந்தார். 2024 செப்டம்பரில் அரியானா மாநிலம் பரிதாபாத்திலும் இதே போல சுரங்கப்பாதை தண்ணீரில் சிக்கி வங்கி ஊழியர்கள் 2 பேர் பலியானார்கள். அவர்கள் சென்றது பெரிய ரக கார்.

தண்ணீரில் வண்டி நின்று விட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியாக தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்து உள்ளே உள்ள ராடு வளைந்து விடும். செலவு லட்சத்தை தொடும். சாதாரண இன்சூரன்சில் இதற்கு பணம் கிடைப்பது கஷ்டம், என்ஜினுக்கு தனியாக சேர்த்து கட்டியிருக்க வேண்டும். வண்டி போனால் போகட்டும் என்று கண்ணாடியை இறக்கி, உடனே வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம்.

மேப்பை மட்டும் நம்பாதீங்க

செல்போன் மேப் காட்டும் வழியெல்லாம் வண்டி போகும் வழி அல்ல. 2024 நவம்பரில் உத்தரபிரதேச மாநிலம் பரேலியில் மேப்பை நம்பி சென்ற கார், பாதி இடிந்து கிடந்த பாலத்தில் இருந்து ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தனர். நம்ம நீலகிரி மாவட்டம் கூடலூரில் 2024 ஜனவரியில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி சிக்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஊர் எல்லையில் ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் எந்த மேப்பும் சொல்லாத சங்கதியை அவர் சொல்லி விடுவார்.

எல்லை தாண்டினால் கவனம்

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது தமிழ்நாட்டிலும் குற்றம், ஆந்திராவிலும் குற்றம். ஆந்திர பக்கம் செம்மரக்கடத்தல் கெடுபிடி அதிகம். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசல வனப்பகுதியில் தமிழக தொழிலாளர்கள் 20 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. எனவே முன்பின் தெரியாதவர்கள் ‘ராத்திரி காட்டு ஓரமா வண்டி வேணும், டபுள் வாடகை’ என்று கூப்பிட்டால் டிரைவர்கள் போகாமல் இருப்பதே நல்லது. மாட்டினால் வண்டியும் போகும், ஜெயிலும் நிச்சயம்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்ட வெள்ள கட்டுப்பாட்டு அறைக்கு 1077. யாரையாவது பாம்பு கடித்தால் கயிறு இறுக்கி கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு செல்ல வேண்டும்.

பாதை சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீர் என்றால் அதில் காலையும் வைக்கக் கூடாது, வண்டியை திருப்பி விட வேண்டும். 20 கிலோ மீட்டர் சுற்றிப் போனால் கொஞ்சம் டீசல் செலவாகும். அவ்வளவுதான். வீட்டில் சோறு போட்டு வைத்துக் கொண்டு காத்திருப்பவர்களுக்கு, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதை விட ஆள் வந்து சேர்ந்தாரா என்பதுதான் முக்கியம்.