கறுத்த வெங்காயமும் நம் கிணற்றுத் தண்ணீரும்

மதுரங்குளிச் சந்தி மரக்கறிக் கடையில் போன வாரம் பெரிய வாக்குவாதம். ஒருவர் பம்பாய் வெங்காயம் ஒன்றை எடுத்துத் தோலைத் தேய்த்தார். கரித்தூள் போல விரலில் ஒட்டியது. "பாருங்க நானா, வெளிநாட்டில இருந்து நஞ்ச இறக்கிறாங்க. எங்கட ஆட்சியில இப்பிடி நடந்திச்சா?" என்றார். "உங்கட ஆட்சியில உரமே இல்லாமத்தானே தோட்டமெல்லாம் காஞ்சிச்சு" என்று மற்றவர் பாய்ந்தார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், பொறுக்கிய வெங்காயத்தைத் திரும்பத் தட்டில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. அவளுக்கு வேண்டிய பதிலை அந்த இருவரும் சொல்லவில்லை.

அந்தக் கறுப்பு என்ன?

அது யாரும் தெளித்த மருந்து அல்ல. அஸ்பர்ஜிலஸ் நைஜர் என்ற பூஞ்சை. மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பது. சரியாகக் காயாத வெங்காயம் சாக்கில் அடைபட்டு வெக்கையில் கிடந்தால் தோலுக்கடியில் படரும். நாசிக் வெங்காயத்திலும் வரும், தம்புள்ளை வெங்காயத்திலும் வரும். மேல் இதழ்கள் இரண்டை உரித்தெறிந்து, கழுவி, உள்ளே கெட்டியாக இருந்தால் சமைக்கலாம். உள்ளே கொழகொழத்து நாறினால் முழுவதையும் வீசிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளை ஊதித் தட்டக்கூடாது. ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வெள்ளரிக்காய்க்கு விழுந்த பழி

வெளிநாட்டின் மேல் பழி போடுவது நம் சந்தியில் மட்டும் நடப்பதல்ல. 2011 மே மாதம் ஜெர்மனியில் ஒருவகை ஈ.கோலை கிருமியால் ஆயிரக்கணக்கானோர் இரத்த வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹம்பேர்க் நகர அதிகாரிகள் அவசரப்பட்டு அறிவித்தார்கள். இரு நாடுகளுக்கும் இடையே கசப்பு மூண்டது. ஸ்பெயின் விவசாயிகள் விற்க வழியில்லாமல் காய்களை அழித்தார்கள். ரஷ்யா ஐரோப்பிய மரக்கறிக்கே கதவை மூடியது.

கடைசியில் சந்தேகம் போய் நின்ற இடம் ஜெர்மனியிலேயே ஒரு பண்ணையில் முளைகட்டிய வெந்தயம். அதன் விதை எகிப்திலிருந்து வந்தது. விளைந்தது ஒரு நாடு, முளைத்தது இன்னொரு நாடு. இதில் எந்த நாட்டைக் குற்றம் சொல்வது? நோயாளிகள் எந்த உணவகத்தில் எந்தத் தட்டைச் சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடியவர்கள்தான் காரணத்தைப் பிடித்தார்கள். வெந்தயம், பயறு முளைகட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முளைக்கும் அதே ஈரச்சூட்டில் கிருமியும் பெருகும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் முளையை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

2021இன் காயம்

கடையில் பேசியவர்கள் இருவருக்கும் 2021 ஆறாத காயம். ஏப்ரலில் இலங்கை அரசு இரசாயன உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் தடை என்றது. ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்தியது. இடையில் ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் சீனாவிலிருந்து சேதன உரம் வந்தது. அதன் மாதிரிகளில் பயிரை அழுகவைக்கும் எர்வினியா கிருமி இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொன்னது. உற்பத்தி நிறுவனம் மறுத்தது. உரம் இறங்கவே இல்லை. ஆனாலும் 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்துத்தான் நாடு அந்தப் பிணக்கை முடித்தது. சந்திகளில் சீனா, இந்தியா என்று கட்சி பிரிந்து பேசிக்கொண்டிருந்தபோது, கப்பலை நிறுத்தியது ஆய்வுகூடத்தில் ஒரு தட்டில் வளர்ந்த கிருமிதான்.

"நம்ம ஊர்ச் சாமான்"

நுரைச்சோலை, கற்பிட்டிப் பக்கத்து மணலில் விளையும் மிளகாயும் சின்ன வெங்காயமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் நம்முடையது என்பதாலேயே சுத்தம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும், அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் ஆய வேண்டும் என்று எழுதியிருக்கும். மிளகாயையும் கத்தரியையும் சில நாளுக்கொரு தடவை ஆய்கிறோம். இரண்டு வாரம் பொறு என்று போத்தல் சொன்னால், விலை ஏறிய வாரத்தில் எத்தனை தோட்டக்காரரால் பொறுக்க முடியும்?

மருந்து மட்டுமல்ல, உரமும் அப்படித்தான். நம் மணல் தண்ணீரை நிறுத்தாது. அள்ளிப்போட்ட யூரியா மழையோடு கிணற்றுக்கே இறங்கும். கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

அடுப்படியில்

தக்காளி, மிளகாய், அப்பிள், திராட்சை எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் வேண்டாம். தர்ப்பூசணியை வெட்டும் முன்பே தோலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கத்தியே அழுக்கை உள்ளே கொண்டுபோகும். கழுவினால் மேலே ஒட்டிய மருந்து பெருமளவு போகும், உள்ளே ஊறியது போகாது. பச்சை பாய்ந்து கசக்கும் உருளைக்கிழங்கை, எந்த நாட்டுச் சாக்கில் வந்தாலும், எறியுங்கள்.

வாங்கிய பொருளில் சந்தேகம் இருந்தால் அதையும் பையையும் வைத்துக்கொண்டு, வாங்கிய கடையையும் திகதியையும் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பெண்ணை மறுபடி கண்டால் வெங்காயத்தைப் பற்றி ஒரு வரிதான் சொல்வேன். அதன்பிறகு, பிள்ளைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்கிறாள் என்று கேட்பேன்.