தேதி எழுதும் முறைகள்

தேதி எழுதும் முறைகள் என்பன நாட்காட்டியின் ஒரு நாளைக் குறிக்க ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்று உறுப்புகளையும் வரிசைப்படுத்தி எழுதும் வழக்கங்கள் ஆகும். தேதி என்பது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கையில் திகதி என வழங்கப்படுகிறது. உலகின் பெரும்பாலான நாடுகள் கிரெகோரியன் நாட்காட்டியை ஏற்றுக்கொண்ட பின்னரும், அந்நாட்காட்டியின் நாளை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. இதனால் ஒரே எண் தொடர் ஒரு நாட்டில் ஒரு நாளையும் வேறொரு நாட்டில் வேறொரு நாளையும் குறிக்கிறது.

மூன்று வரிசைகள்

நடைமுறையில் மூன்று வரிசைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, நாள்-மாதம்-ஆண்டு என்பதாகும். சிறிய அலகில் தொடங்கிப் பெரிய அலகில் முடியும் இவ்வரிசை இந்தியா, ஐக்கிய இராச்சியம், ஐரோப்பாவின் பெரும்பகுதி, தென் அமெரிக்கா ஆகியவற்றில் பரவலாக உள்ளது. இரண்டாவது, ஆண்டு-மாதம்-நாள் என்பதாகும். சீனா, சப்பான், கொரியா ஆகியவற்றுடன் ஈரான், அங்கேரி, லித்துவேனியா, சுவீடன் போன்ற நாடுகளிலும் இது பயன்படுகிறது. மூன்றாவதான மாதம்-நாள்-ஆண்டு என்னும் வரிசை முதன்மையாக ஐக்கிய அமெரிக்காவுக்கு உரியது.

அமெரிக்க வரிசையில் அலகுகள் ஏறுவரிசையிலும் இல்லை, இறங்குவரிசையிலும் இல்லை. ஆங்கிலப் பேச்சு வழக்கை அப்படியே எண்களாக மாற்றியதன் விளைவு இது. மாதப் பெயரை முதலில் எழுதும் வழக்கம் முற்காலத்தில் பிரித்தானியாவிலும் இருந்தது. இந்தியாவின் ஆங்கில நாளிதழ்கள் சிலவற்றின் முகப்பில் இன்றும் அதைக் காணலாம். மாதம் எழுத்தால் எழுதப்படும்வரை இவ்வரிசையால் குழப்பம் எதுவும் இல்லை. எண்ணால் எழுதும்போதே சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவிலும் படைத்துறையினர் நாளையே முதலில் எழுதுகின்றனர்.

பொருள் மயக்கம்

05/12/2019 என்பது சென்னையில் திசம்பர் 5. நியூயார்க்கில் மே 12. நாளின் எண் 12 ஐத் தாண்டினால் மயக்கம் நீங்கிவிடும், 13 ஆவது மாதம் இல்லை என்பதால். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இவ்வாறு இருபொருள் தரக்கூடியவை. ஆண்டுக்கு 144 நாட்கள். இவற்றுள் 01/01, 02/02 என இரு எண்களும் ஒன்றாக அமையும் 12 நாட்களை நீக்கினால் எஞ்சுவன 132. அதாவது ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றை எண்களால் மட்டும் எழுதினால், எழுதியவரின் நாடு தெரியாமல் பொருள் கொள்ள இயலாது. ஆண்டையும் இரண்டு இலக்கங்களில் எழுதினால் நிலைமை மேலும் மோசமாகிறது. 03/04/05 என்பதை 2005 ஏப்ரல் 3 எனவும், 2005 மார்ச் 4 எனவும், 2003 ஏப்ரல் 5 எனவும் படிக்கலாம்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதல்கள் அந்நாட்டு வழக்கப்படி 9/11 எனப்படுகின்றன. செருமானியர் 9.11. என்று எழுதினால் அது நவம்பர் 9 ஆகும். 1989 இல் பெர்லின் சுவர் திறக்கப்பட்ட நாள் அது. 2008 இல் மும்பையில் நடந்த தாக்குதல் இந்திய வரிசைப்படி 26/11 எனப்படுகிறது. இவை யாவரும் அறிந்த நிகழ்வுகள் ஆதலால் எவரும் ஏமாறுவதில்லை. மருந்துப் பெட்டியின் காலாவதி நாள், வங்கிக் காசோலை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப இறுதி நாள் போன்றவற்றில் அத்தகைய முன்னறிவு வாசிப்பவருக்கு இருப்பதில்லை.

கணினியின் விரிதாள் மென்பொருள்கள் இம்மயக்கத்தை மறைமுகமாகப் பெருக்குகின்றன. இந்திய வரிசையில் எழுதப்பட்ட நாட்களின் பட்டியலை அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் திறந்தால், 25/12/2019 போன்றவற்றை மென்பொருள் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 05/12/2019 ஐயோ எந்த எச்சரிக்கையும் இன்றி மே 12 ஆக மாற்றிக்கொள்ளும். ஒரே நிரலில் ஒரு பகுதி பிழையாகவும் மற்றப் பகுதி சரியாகவும் தோன்றுவதால், பிழையைக் கண்டறிவது கடினம். முழுவதும் பிழையாக இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

தேதி அல்லாதவற்றையும் இம்மென்பொருள்கள் தேதியாக மாற்றுவதுண்டு. செப்ட்2, மார்ச்1 போன்ற குறியீட்டுப் பெயர்களைக் கொண்ட மனித மரபணுக்கள் எக்செல் விரிதாளில் செப்டம்பர் 2, மார்ச் 1 என மாறிவிட்டன. விரிதாளில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில் மென்பொருளுக்காக மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. 2020 இல் மனித மரபணுப் பெயரிடல் குழு இதற்கான நெறிமுறையை வெளியிட்டது.

ஆண்டை முதலில் எழுதுதல்

ஆண்டு-மாதம்-நாள் வரிசையின் முதன்மையான சிறப்பு, எழுத்து வரிசையும் கால வரிசையும் அதில் ஒன்றாக அமைவதாகும். 28-03-2018, 05-12-2019, 12-01-2020 ஆகிய மூன்று நாட்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளைக் கணினி வரிசைப்படுத்தினால் 05-12-2019, 12-01-2020, 28-03-2018 என அமையும். பழைய கோப்பு கடைசியில் நிற்கும். அவற்றையே 2018-03-28, 2019-12-05, 2020-01-12 என எழுதினால், தேதி என்பதை அறியாத கணினியும் சரியாக அடுக்கிவிடும். எண்களை எழுதும் முறையும் இதுவே. 365 என்பதில் நூறு முதலிலும் ஒன்று இறுதியிலும் வருகின்றன. நேரத்திலும் மணி, நிமிடம், நொடி என்றே எழுதுகிறோம். நாளை முதலில் எழுதிப் பின் நேரத்தைச் சேர்ப்பவர், அலகுகளை ஒருமுறை ஏறுவரிசையிலும் மறுமுறை இறங்குவரிசையிலும் அடுக்குகிறார்.

இப்பயன் கிடைப்பதற்கு ஒற்றை இலக்க எண்களுக்கு முன் சுழி இடுதல் வேண்டும். 2020-9-1 என எழுதினால் அது 2020-10-1 க்குப் பின்னரே வரும். இடைக்கோடு இல்லாமல் 2020111 என எழுதினால் சனவரி 11 ஆ நவம்பர் 1 ஆ என்பது விளங்காது; 20200111 என்பதில் ஐயமில்லை. சாய்கோட்டைக் கோப்புப் பெயர்களில் இட முடியாது என்பதால் இடைக்கோடே வசதியானது.

சீர்தரங்களுக்கான அனைத்துலக நிறுவனம் 1976 இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ 2014 என்னும் சீர்தரம் எண்களாலான தேதிக்கு இவ்வரிசையையே வகுத்தது. 1988 இல் வெளியான ஐ.எஸ்.ஓ 8601 அதையும் நேரம், வார எண் போன்றவற்றுக்கான முன்னைய சீர்தரங்களையும் ஒன்றிணைத்தது. இது 2000, 2004, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இரண்டு இலக்க ஆண்டு 2004 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. நான்கு இலக்க ஆண்டில் தொடங்கும் எண் தொடரில் நாளை மாதத்துக்கு முன் எழுதும் வழக்கம் பரவலாக எங்கும் இல்லாததால், இவ்வடிவத்தைக் காண்பவர் எந்நாட்டவராயினும் ஒரே பொருளையே கொள்கின்றனர். வரிசைப்படுத்தும் வசதியைவிட இதுவே பெரிய நன்மை எனலாம்.

நாளை முதலில் எழுதுவதன் பயன்

நாள்-மாதம்-ஆண்டு வரிசை பயனற்றது அன்று. அன்றாட வாழ்வில் ஆண்டு அனைவருக்கும் தெரிந்ததே. மாதமும் பெரும்பாலும் தெரிந்ததே. தெரியாதது நாள் மட்டுமே, அதுவே கண்ணில் முதலில் படுகிறது. வேண்டாதவற்றை வலப்புறத்திலிருந்து விட்டுவிட்டு 12-3 என்றோ, வெறுமனே 12 ஆம் தேதி என்றோ சுருக்கிக்கொள்ளலாம். கடிதம், அறிவிப்பு, நாட்குறிப்பு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ஆவணக் காப்பகத்தில் பல ஆண்டுகளின் தாள்களைப் புரட்டுபவருக்கோ ஆண்டே முதலில் தேவைப்படுகிறது.

மாதத்தை எழுத்தால் எழுதுதல்

மாதத்தின் பெயரை எழுதினால் எந்த வரிசையிலும் மயக்கம் இல்லை. மனிதர் படிப்பதற்கு இதுவே மிகவும் பாதுகாப்பான முறை. ஆனால் பெயர் மொழிக்கு மொழி மாறும். தமிழில் ஒரே மொழிக்குள்ளும் ஜனவரி, சனவரி எனவும், செப்டம்பர், செப்டெம்பர் எனவும் எழுதப்படுவதால் கணினியில் தேடுவது எளிதன்று. மாதப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் ஆண்டு அக்டோபரில் தொடங்கும்!

மொழிச் சிக்கலைத் தவிர்க்க மாதத்தை உரோம எண்ணால் எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. பூச்சியியலாளர் தாம் சேகரித்த பூச்சிகளின் அடையாளச் சீட்டுகளில் இம்முறையைக் கையாள்கின்றனர். எந்த நாட்டு ஆய்வாளரும் அதைப் பிழையின்றிப் படிக்கலாம். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகளாகவும் மூன்று வரிசைகளும் வழக்கிலும் உள்ள கனடாவில், உணவுப் பொதிகளில் அச்சிடும் நாளுக்கு இருமொழிகளுக்கும் பொருந்தும் ஈரெழுத்து மாதக் குறியீடுகள் வகுக்கப்பட்டுள்ளன.

சுருக்கப்பட்ட ஆண்டு

கணினிகளின் தொடக்க காலத்தில் நினைவகம் விலை மிகுந்ததாக இருந்தது. ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகளே அடங்கும் என்பதால் நூற்றாண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களை விட்டுவிடுவது சிக்கனமாகக் கருதப்பட்டது. இதன் விளைவே 2000 ஆம் ஆண்டுச் சிக்கல் ஆகும். முன்கூட்டியே பெரும் பொருட்செலவில் நிரல்கள் திருத்தப்பட்டதால் அஞ்சிய அளவுக்குத் தீங்கு நேரவில்லை. எனினும் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஒரு மருத்துவ ஆய்வகக் கணினி கருவுற்ற பெண்களின் வயதைத் தவறாகக் கணித்து, குழந்தைக்கு டவுன் நோய்க்கூட்டறிகுறி ஏற்படும் வாய்ப்பையும் தவறாகக் காட்டியது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக உள்ள வரிகளில் பிறந்த நாள் இன்றும் ஈரிலக்க ஆண்டுடனேயே உள்ளது. அதை மட்டும் கொண்டு நூறு வயது கடந்தவரையும் சிறு குழந்தையையும் வேறுபடுத்த முடியாது.

தமிழ் ஆண்டுப் பெயர்களிலும் இதையொத்த சிக்கல் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையான 60 பெயர்கள் சுழன்று வருவதால், சர்வசித்து ஆண்டு ஆடி மாதம் என்பது இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகத்தையும் குறிக்கலாம், 2007 ஆகத்தையும் குறிக்கலாம். பழைய ஓலைகளில் கலியாண்டு, சக ஆண்டு, கொல்லம் ஆண்டு ஆகியவற்றில் ஒன்று உடன் தரப்பட்டிருந்தாலன்றி காலத்தை உறுதிசெய்வது கடினம். கிழமையும் விண்மீனும் திதியும் தரப்பட்டிருந்தால் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம். இக்கணிப்புக்கு உதவும் விரிவான அட்டவணைகளைச் சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்தார். அவை 1922 இல் சென்னையில் வெளியாயின.

தமிழ் வழக்கு

தமிழில் தேதியைச் சொல்லும் முறை பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வதாகும். "2009 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12 ஆம் நாள்" என்பதே இயல்பான தொடர். திருமண அழைப்பிதழ்களில் தமிழ் வருடம், மாதம், நாள், கிழமை, நேரம் என இறங்குவரிசையில் எழுதி, அடைப்புக்குறிக்குள் 12-03-2009 என ஆங்கிலத் தேதியை ஏறுவரிசையில் தருவதைக் காணலாம். ஒரே வரியில் இரு வரிசைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. எண்ணால் எழுதும்போது நாளை முதலில் வைப்பது பிரித்தானிய ஆட்சிக்கால அலுவலகங்களின் வழியாக நிலைபெற்ற பழக்கம் ஆகும். ஆண்டை முதலில் எழுதும் அனைத்துலக வடிவம் தமிழுக்கு அயலானது எனக் கருதுவது பொருந்தாது.

பழைய தமிழ்க் கடிதங்களிலும் பத்திரங்களிலும் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்னும் குறிகள் அந்தந்த எண் அல்லது பெயரின் பின் இடப்பட்டன. ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக்குறி இருப்பதால் வரிசை மாறினும் பொருள் மாறாது. சீன, சப்பானிய வழக்கிலும் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கான எழுத்துகள் இவ்வாறே எண்களின் பின் வருகின்றன. தமிழ்க் குறிகள் 2003 இல் ஒருங்குறியின் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. அச்சிலோ அவை ஏறக்குறைய வழக்கிழந்துவிட்டன.

நாள் எண் முறை

மாதத்தையே விட்டுவிட்டு, ஆண்டின் எத்தனையாவது நாள் என எண்ணும் முறையும் உண்டு. ஐ.எஸ்.ஓ 8601 இன்படி 2019-045 என்பது 2019 பெப்ரவரி 14 ஆகும். இரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட இது எளிது. நினைவில் கொள்வது கடினம்.

இத்தகைய எண்ணிக்கை தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்த நாளை, முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டு அவனுடைய 25 ஆவது ஆட்சியாண்டின் 275 ஆவது நாள் எனக் குறிப்பிடுகிறது. இது கி.பி. 1010 ஆம் ஆண்டுக்கு உரியது. இங்கு ஆண்டு மன்னனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. சப்பானில் இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2019 மே 1 அன்று புதிய பேரரசருடன் ரெய்வா முதலாம் ஆண்டு தொடங்கியதால், அவ்வாண்டின் முதல் நான்கு மாதங்கள் எய்செய் 31 எனவும் எஞ்சியவை ரெய்வா 1 எனவும் எழுதப்படுகின்றன.

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணிலும் நாள் எண் முறை பயன்படுகிறது. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் நாள் எண்ணையும் குறிக்கும். பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். 2016 இல் அறிமுகமான 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கங்களால் எழுதப்படுகிறது.