கொசுவின் உள்ளிருக்கும் காவல்

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 26ஆம் வசனத்தில் கொசு உவமையாக இடம்பெறுகிறது. இத்துணை அற்பப் பிராணிக்கு இறைமறையில் இடமா என்று மறுத்தோர் எள்ளினர் என விரிவுரையாளர் குறிப்பர். அந்த அற்பத்தின் உள்ளே நோக்கினால் எள்ளுதற்கு ஏதுமில்லை.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியா நோயாளியான உசேன் கானைக் கடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். கொசு நோயைச் சுமக்கும் வெறும் வாகனம் என்றே பலரும் இன்றும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. குருதியுடன் புகும் மலேரியாக் கிருமிகளுள் பெரும்பாலானவை கொசுவின் உடலிலேயே மடிகின்றன.

நம்மைப்போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஆற்றல் பூச்சிக்கு இல்லை; பிறவியில் அமைந்த காவலே அதற்குத் துணை. குருதி உண்டதும் அதனைச் சூழ்ந்து இரைப்பையில் மெல்லிய உறையொன்று உருவாகிறது. அதைக் கடக்கும் கிருமியைச் சில புரதங்கள் பற்றிச் சிதைக்கின்றன, அல்லது மெலனின் என்னும் கருநிறப் பொருள் மூடிவிடுகிறது. நுண்ணுயிர் கொல்லும் சிறு புரதங்களும் சுரக்கின்றன. 1981இல் சுவீடன் அறிஞர் ஹான்ஸ் போமன் குழுவினர் இத்தகைய புரதங்களை விளக்கிக் காட்டியது ஒரு காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து என்பது, ஆரணிப் பட்டு நெய்யும் எங்கள் கலசப்பாக்கத்தார்க்குச் சுவை தரும் செய்தி.

டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. இழையைத் துண்டாக்கும் ஏற்பாடும் கொசுவுக்கு உண்டு. எனினும் ஏடிஸ் கொசுவில் அது வைரஸை அடக்குகிறதேயன்றி முற்றும் அழிப்பதில்லை. தப்பிய வைரஸ் உமிழ்நீரை அடைகிறது. பகலில் கடிக்கும் இக்கொசுவுக்கு, குழித்தறியின் இருளில் கால் நுழைத்துப் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் நெசவாளர் எளிய இரை.

அந்தக் குறையை நிரப்ப இயலுமா? பல பூச்சிகளில் இயல்பாக வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவில் புகுத்தியபோது, அதன் காவல் விழிப்புற்றது; வைரஸுக்கு வேண்டிய கொழுப்பும் குறைந்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அத்தகைய கொசுக்களை விடுத்த பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததென 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வகைக் கொசுக்களை உருவாக்கியுள்ளதாக 2022இல் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் அறிவித்தது.

படைப்பைச் சிந்தித்தலை வணக்கமாகக் கருதும் நமக்கு, தறிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பதும் அச்சிந்தனையின் பயனே.