புறம்போக்குன்னா திட்டா?

"புறம்போக்கு"ன்னு நானும் பலரைத் திட்டியிருக்கேன். உண்மையில அது வருவாய்த்துறைச் சொல். தீர்வை, பட்டா கிடையாது. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம் மாதிரி எல்லாருக்கும் பொதுவான இடம். தனியாருக்குச் சொந்தமில்லன்னா எதுக்கும் உதவாதுன்னு அர்த்தம் மாறிடுச்சு.

எண்ணூர் கழிமுகத்துக்கும் அதே கதிதான். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல சேர்ந்து, மீனவங்க பிழைப்பு அடிவாங்குச்சு.

இதைத்தான் கபேர் வாசுகி மெட்ராஸ் பாஷையில 'சென்னை புறம்போக்கு பாடல்'னு எழுதினார். டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்கள்ல, எண்ணூர்லயே நின்னு பாடினார். 2017 ஜனவரியில வெளியாச்சு. சபா இசையில தெருப்பேச்சு ஏறினதும், திட்டுச்சொல் உரிமைக்குரலா மாறுச்சு.

அந்தக் கழிமுகம் வெள்ளம் வடியற வழி. அதை மேடாக்கினா, தண்ணி நம்ம வீட்டுக்குத்தான் வரும். இனி யாராவது திட்டினா, "ஆமா, நான் புறம்போக்குதான்"னு சொல்லுங்க.